விதி, கை, காத்திருப்பு

கருவியைப் பற்றிப் பேசுகிறவன் கலையைப் பற்றிப் பேசவில்லை என்றோர் எண்ணம் நம்மிடையே கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. கவிதைக் கூட்டத்தில் எழுத்தாணியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் படைப்பவர் கோட்டைத் தன் கையால் இழுக்காமல், கோடு எப்படி இழுக்கப்பட வேண்டும் என்ற விதியை மட்டும் எழுதிவைத்து, இழுக்கிற வேலையைக் கணிப்பொறியிடம் விட்டுவிடுகிற ஒரு கலையில் இந்தச் சிரிப்பு செல்லாது. 'ஜெனரேட்டிவ் ஆர்ட்' என்கிறார்கள். நான் 'விதிவழிக் கலை' என்று சொல்லிக்கொள்கிறேன். இதில் கருவி என்பதே ஒரு மொழி. விதி அந்த மொழியில்தான் எழுதப்படுகிறது. 'எதுல எழுதினா என்ன, படம் வந்தாச் சரிதானே' என்பது, வெண்பாவில் எழுதினால் என்ன, ஆசிரியப்பாவில் எழுதினால் என்ன என்று கேட்பதற்குச் சமம். வெண்பாவின் தளை எந்தச் சொல்லை உள்ளே விடும், எதை வாசலிலேயே நிறுத்தும் என்பது தமிழ் படித்தவனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இதில் தலையிடுகிறேன்.

1

வேகமான கருவி எது என்பதுதான் முதலில் கேட்கப்படுகிற கேள்வி. கேள்வியே குழப்பமானது. ஏனெனில் வேகம் ஒன்றல்ல, இரண்டு. நிரல் ஓடுகிற வேகம் ஒன்று. எழுதுகிறவர் ஓர் எண்ணை மாற்றிவிட்டு அதன் விளைவைக் கண்ணால் பார்க்கும்வரை ஆகிற நேரம் மற்றொன்று. முன்னது இயந்திரத்தின் வேகம், பின்னது யோசனையின் வேகம். இவை இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டுதான் வாழ்கின்றன.

வேரா மோல்னாரை இங்கு நினைத்துக்கொள்ளலாம். 1924இல் புடாபெஸ்ட்டில் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, 2023இல் மறைந்த ஓவியர். 1959இலிருந்து கணிப்பொறியே இல்லாமல், 'கற்பனை இயந்திரம்' என்று தானே பெயரிட்ட முறையில், விதிகளை வகுத்துக்கொண்டு கையால் படிப்படியாக வரைந்தார். 1968இல்தான் நிஜக் கணிப்பொறி கிடைத்தது. தொடக்கத்தில் திரைகூடக் கிடையாது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, வரைபொறி கோடு போட்டுத் தரும்வரை காத்திருக்க வேண்டும். அவருடைய சதுரங்கள் கொஞ்சமாகக் கோணி, கொஞ்சமாகக் கலைந்து வருகிற அந்த நிதானத்தில் இந்தக் காத்திருப்புக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். காத்திருப்பு குறையும்போது கலையின் இயல்பும் மாறும். நல்லதாகவா கெட்டதாகவா என்பது வேறு கேள்வி.

2

காத்திருப்பைக் குறைப்பதையே கொள்கையாக்கிய கருவி 'பிராசஸிங்'. எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜான் மேடாவின் குழுவில் இருந்த கேஸி ரியாஸ், பென் ஃப்ரை இருவரும் 2001இல் தொடங்கியது. மேடா 1999இல் உருவாக்கிய 'டிசைன் பை நம்பர்ஸ்' நூற்றுக்கு நூறு புள்ளிச் சதுரத்தையும் சாம்பல் நிறத்தையும் மட்டுமே அனுமதித்தது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி வந்தது பிராசஸிங். இதில் எழுதும் நிரலுக்கு 'ஸ்கெட்ச்' என்று பெயர் வைத்தார்கள். கிறுக்கிப் பார், கிழித்துப் போடு, மறுபடி கிறுக்கு என்பதுதான் அதன் பொருள்.

எதிர்முனையில் 'ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ்'. ஸாக் லீபர்மன், தியோ வாட்ஸன், ஆர்துரோ காஸ்ட்ரோ ஆகியோரின் பெயரோடு அறியப்படும் சி++ கருவி. இயந்திரத்துக்கு மிக நெருக்கமானது, ஆகவே ஓட்டத்தில் வேகமானது. ஆனால் ஒரு எண்ணை மாற்றினாலும் நிரலை மறுபடி தொகுத்தாக வேண்டும்.

ஒரே விதியை இரண்டிலும் எழுதிப் பார்த்தேன். திரையில் புள்ளிகள். கை நெருங்கினால் விலகும், தனித்துவிட்டால் பக்கத்துப் புள்ளியைத் தேடும். ஐந்நூறு புள்ளிகள்வரை பிராசஸிங் சிரமப்படவில்லை. ஐயாயிரம் புள்ளிகள் ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றையும் பார்ப்பதென்றால் ஒரு சட்டகத்துக்கு 2.5 கோடி ஒப்பீடுகள். படம் திக்கித் திணறியது. சி++க்குப் போனேன், திணறல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வேறொன்று நடந்தது. மாற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும்போதெல்லாம் 'வேணாம், இருக்கட்டும்' என்று கை நின்றுவிட்டது. சி++ வடிவம் வழவழப்பாக வந்தது. பிராசஸிங் வடிவம் கோணல்மாணலாக, நான் எதிர்பாராத ஓர் இடத்துக்குப் போயிருந்தது. இரண்டில் எது கலை என்று கேட்டால் என் பதில் கோணலின் பக்கம்.

மூன்றாவது வழி 'ஷேடர்'. 1920க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 சட்டகம் என்றால் 12 கோடியே 44 லட்சம் நிறத் தீர்மானங்கள். வரைகலைச் செயலி இவற்றைக் கூட்டம் கூட்டமாக ஒரே நேரத்தில் தீர்த்துவிடும். எழுத்தும் உடனுக்குடன் திரையில் தெரியும். இரண்டு வேகமும் ஒருசேரக் கிடைக்கிறது என்று குதிக்கலாம். ஆனால் இங்கே கோடு இழுப்பவர் என்று ஒருவர் கிடையாது. திரையின் ஒவ்வொரு புள்ளியும் 'நான் நிற்கிற இடத்துக்கு என் நிறம் என்ன' என்று தனித்தனியே கேட்டுக்கொள்கிறது. அதே சட்டகத்தில் பக்கத்துப் புள்ளி என்ன பதில் சொன்னது என்று அதற்குத் தெரியாது. அண்டையைத் தேடுகிற என் விதியை அதில் அப்படியே எழுத முடியவில்லை. கருவி வேகத்தைத் தந்துவிட்டு ஒரு வகைச் சிந்தனையை வாங்கிக்கொண்டது.

3

கருவி கேளாமலே எழுதித் தருவதும் உண்டு. கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட 'நாய்ஸ்' என்னும் முறை இன்று பிராசஸிங்கில் ஒற்றைச் சொல்லாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் புகைபோல, நீரோட்டம்போலக் கோடுகள் நெளியும். பார்க்க அழகாயிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் ஒரே புகை. படைப்பவரின் நடை என்று நாம் மெச்சுவதில் பாதி, கருவி கையில் திணித்த வசதி. இதைப் பார்க்கத் தவறுகிற விமர்சனம் கருவிக்கு விளம்பரம் எழுதுகிறது, அவ்வளவுதான்.

பார்வையாளர் பங்கேற்பு என்ற கோஷத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பார்ப்பவர் கையசைத்தால் படம் மாறுகிறது, ஆகவே ஆசிரியன் இறந்தான் என்று கொண்டாடுகிறார்கள். நிரலுக்குள் போய்ப் பார்த்தால், அந்தக் கை இரண்டு எண்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. திறந்துவிட்ட கதவு வழியே மட்டும் நுழைய அனுமதி. ஆசிரியன் சாகவில்லை, விதிக்குள் ஒளிந்துகொண்டான்.

பங்கேற்பு கோஷமாக நில்லாத இடங்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் சுவர் ஓவியரான டோனி குவான் ஏ.எல்.எஸ். நோயால் உடல் செயலிழந்து, கண்ணசைவு மட்டும் மிஞ்சிய நிலையில் இருந்தார். 2009இல் நண்பர்கள் மலிவான கேமராவையும் கண்ணாடிச் சட்டத்தையும் கொண்டு 'ஐரைட்டர்' கருவியைச் செய்தார்கள். அதன் நிரல் ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸில் எழுதப்பட்டது. கண்ணால் அவர் இழுத்த கோடு கட்டடச் சுவரில் ஒளியாக விழுந்தது. இங்கே இயந்திரத்தின் வேகம் அலங்காரமல்ல. கண்ணுக்குப் பின்னால் கோடு தாமதித்து வந்தால் அது அவருடைய கோடாகவே இராது. சி++ஐ நான் குறைத்துப் பேசவில்லை. எதற்காக என்பது தெரிந்து அதனிடம் போக வேண்டும் என்கிறேன்.

4

கடைசியாக, கருவி யாருடையது என்ற கேள்வி. இது ரசனையைத் தாண்டிய அதிகாரத்தின் விஷயம். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஊடாடும் படங்களுக்கு உலாவியில் கிடைத்த வேகமான வழி 'ஃபிளாஷ்'. ஒரு தலைமுறையே அதில் வேலை செய்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஓடுவதையும் தடுத்தது. ஒரு நிறுவனத்தின் முடிவில் ஒரு காலகட்டத்தின் கலை இருண்டுபோனது. சிலவற்றைப் பின்னர் வேறு வழிகளில் உயிர்ப்பிக்கிறார்கள் என்பது நாம் பெற்ற அதிர்ஷ்டம்.

பிராசஸிங்கின் ஆரம்பகாலப் படங்களும் 'ஜாவா ஆப்லெட்'களாக உலாவியில் ஓடியவையே. உலாவிகள் அந்த ஆதரவைக் கைவிட்டதும் அவையும் நின்றன. ஆனால் படத்தோடு மூலநிரலையும் சேர்த்தே வெளியிடும் பழக்கம் அங்கே இருந்தது. 2013இல் லாரன் மெக்கார்த்தி தொடங்கிய 'பி5.ஜேஎஸ்' அதே இலக்கணத்தை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்தபோது பழைய விதிகளைப் புதிய மொழியில் பெயர்த்தெழுத முடிந்தது. ஓட்டத்தில் அது மந்தம்தான். என்றாலும் எதையும் நிறுவாமல், சாதாரணக் கைபேசியிலும் படம் வருகிறது. திறந்த மூலம் என்றாலே காப்புறுதி என்றும் சொல்லிவிட முடியாது. ஓப்பன்ஃபிரேம்வொர்க்ஸ் நிற்கிற ஓப்பன்ஜிஎல்லை ஆப்பிள் 2018இல் கைவிடப்போவதாக அறிவித்தது. தரை எப்போதும் அடுத்தவருடையது.

ஏட்டுச்சுவடி தானாக நிலைப்பதில்லை. செல்லரிக்கும் முன் யாரோ படி எடுத்ததால்தான் நமக்குப் பாட்டு கிடைத்தது. படி எடுக்க எழுத்து வாசிக்கிறபடி இருக்க வேண்டும். கோலத்தில் இந்த உண்மை வேறுவிதமாகத் தெரிகிறது. காலையில் போட்டது மாலைக்குள் மிதிபட்டுப் போகும், விதி மட்டும் கைமாறிக் கைமாறி வரும். அந்த விதிகளைத்தான் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கணிப்பொறியியலின் இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். மாவு போய்விட்டது, விதி இருக்கிறது.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கிறுக்கிப் பார்க்க விடுகிற கருவியில் தொடங்குங்கள். உடம்பின் அசைவு தாமதத்தைப் பொறுக்காத இடத்தில் மட்டும், அந்தப் பகுதியை மட்டும், வேகமான மொழிக்கு மாற்றுங்கள். என் புள்ளிகளின் விதியை முதலில் நோட்டில் தமிழில் நான்கு வரியாக எழுதிவைத்திருந்தேன். பிராசஸிங் நிரலில் அந்த நான்கு வரி எங்கே இருக்கிறது என்று இன்றும் விரல்வைத்துக் காட்ட முடிகிறது. சி++ வடிவத்தில் தேட வேண்டியிருக்கிறது.