காற்றிடம் கேட்ட சொல்: பிஜித் தீவின் பெண்ணும் மொழியும்

மொழியில் பால் பகுப்பு இருப்பதால் ஆண் பெண் ஏற்றத்தாழ்வு வளர்ந்ததா, ஏற்றத்தாழ்வு இருந்தமையால் மொழி அதற்கு இடங்கொடுத்ததா என்பது அறிஞர் பலர் எழுப்பிய வினா. உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் எனத் தொல்காப்பியம் வகுத்தது. அவ்வழி வந்த நாம், மரியாதைப் பன்மையின் துணையின்றி ஒருவரைப் பற்றிப் பேசப் புகுந்தால், வினைமுற்றிலேயே அவர் ஆணா பெண்ணா என்பதை அறிவித்துவிடுகிறோம். ஆயினும் நம் மொழி உயிரற்ற பொருளை அஃறிணையில் நிறுத்தி, அதன் பாலை ஆராயாது விட்டது.

பிழைப்பிற்காகத் தலைநகருக்கு வந்த பின்னரே அதன் அருமை எனக்கு விளங்கிற்று. இந்தியில் மேசையும் பெண், நாற்காலியும் பெண். அலுவலகத்தில் நாள்தோறும் நான் சுமக்கும் கோப்பு பெண். அதன்மேல் எழுதப்படும் ஆணையோ ஆண்! இந்தப் பகுப்பில் நான் செய்த பிழைகள் உடன் பணியாற்றுவோருக்குப் பல ஆண்டுகள் நகைச்சுவை விருந்தாயின.

அதே பிழையைச் செய்யும் ஓர் இளம்பெண்ணை என் இல்லத்திலேயே சந்திப்பேன் என எண்ணியதில்லை. என் மகளுடன் கல்லூரியில் பயிலும் அப்பெண் பிஜித் தீவினள். இந்திய வழியினள் அல்லள். 'இ தௌக்கெய்' எனப்படும், மண்ணுக்குரியோர் என்று பொருள்படும் பூர்வகுடியைச் சார்ந்தவள். அண்டை வீட்டாரிடம் கற்ற பிஜி இந்தியில் அவள் பேச, நான் என் இந்தியில் விடையிறுக்க, இருவரும் பால்வழுவில் ஒன்றுபட்டோம். பிஜி இந்தியில் வினைச்சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுவதில்லை. அவள் தாய்மொழியிலோ அவன், அவள் இரண்டிற்கும் 'கோயா' என்னும் ஒரே சொல்தான்.

"அப்படியானால் உங்கள் நாட்டில் ஆணும் பெண்ணும் நிகரோ?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "மொழியில் நிகர், அங்கிள், வீட்டில் இல்லை" என்றாள்.

அவள் தந்த விளக்கம் சிந்தனைக்குரியது. கிராமத்து வீட்டில் மேற்புறம், கீழ்ப்புறம் என இடப்பகுப்பு உண்டு. யங்கோனா என்னும் வேர்ப் பானம் பகிரப்படும் சடங்கில் தலைவரும் ஆடவரும் மேற்புறம் அமர்வர். பெண்டிர் வாயிலை ஒட்டிய கீழ்ப்புறம் அமர்வர். 'கோயா' என்னும் சொல் எங்கே உட்காருவது என்று சொல்வதில்லை, பாயே சொல்லிவிடுகிறது. அந்தப் பாயைத் தாழை இனத்து ஓலையால் முடைபவளோ பெண்.

மற்றொரு சொல்லையும் அவள் சொன்னாள்: 'ஙனே'. தமிழில் தனித்து மொழிமுதல் ஆகாத ஙகரம் அங்கே இயல்பாக முதலில் நிற்கிறது. ஆண் தன் உடன்பிறந்தாளைக் குறிப்பதும் இச்சொல்லே. பெண் தன் உடன்பிறந்தானைக் குறிப்பதும் இச்சொல்லே. மூத்தவர், இளையவர் என்ற பேதமும் அதில் இல்லை. நமக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என நான்கு சொற்கள் வேண்டும். ஆனால் பழைய வழக்கப்படி 'ஙனே' முறையினர் நேருக்கு நேர் உரையாடுதல் ஆகாது. "சொல்லும் இருவருக்கும் பொது, மௌனமும் இருவருக்கும் பொது. அந்த மௌனத்தில் யார் அடுப்படிக்குப் போவது என்பது மட்டும் பொது இல்லை" என்றாள் அப்பெண்.

இதனால் பெண்ணுக்கு அங்கே உயர்வே இல்லை எனக் கொள்ளுதலும் பிழையாம். ரேவா நாட்டின் தலைமைப் பட்டத்தை 2004 ஆம் ஆண்டில் ரோ தெய்முமு கெப்பா என்னும் பெண்மணி ஏற்றார். அவருக்கு முன் அப்பட்டம் அவர்தம் தமக்கையாரிடம் இருந்தது. குடிப்பிறப்பு உயர்ந்தவிடத்துப் பால் பின்தங்குகிறது. ஏனைய பெண்டிர்க்கோ அந்த வாயில் எளிதில் திறப்பதில்லை.

பேச்சு இவ்வாறு செல்கையில், பிஜித் தீவின் பெண்டிர் பற்றித் தமிழில் ஒரு பாட்டு உண்டு எனப் பெருமிதத்தோடு கூறினேன். கரும்புத் தோட்டத்தில் உழலும் இந்தியப் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடிய பாடலை எடுத்து, அடி அடியாகப் பொருள் சொன்னேன். கண் கலங்கக் கேட்டவள், முடிவில் ஒரு வினாவை எழுப்பினாள். "அந்தத் தீவில் எங்கள் பாட்டிமார் யாருமே இல்லையா?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாடலைச் சங்கக் கூட்டங்களில் கேட்டு வருகிறேன். இவ்வினா என் உள்ளத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. மீண்டும் படித்தேன். அவள் சொன்னது மெய். பாட்டிலுள்ள தீவு, கடல் நடுவே கிடக்கும் தனிக்காடு. அங்கே உழைப்பவரும் வதைப்பவரும் உளர், அம்மண்ணுக்குரியோர் இலர்.

இது கவியின் குற்றமெனக் கூறிவிடலாகாது. பிரிட்டிஷார் 1874 இல் தீவுகளைக் கைக்கொண்டபின், முதல் ஆளுநராக வந்த ஆர்தர் கார்டன், பூர்வகுடியினரைத் தத்தம் கிராமங்களிலேயே நிறுத்தும் கொள்கையை வகுத்தார். தோட்டங்களுக்கு ஆள் தேட இந்தியாவை நாடினார். 1879 இல் தொடங்கி 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். அவர்களுள் சுமார் 15,000 பேர் 1903 முதல் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஆடவர் 100 பேருக்குப் பெண்டிர் 40 பேர் என்பது விதி. அந்த விகிதமே பெண்களின் துயருக்கு வித்தாயிற்று. இரு இனங்களும் கலவாதிருக்க ஆட்சியாளர் எழுப்பிய வேலி அது. அவ்வேலிக்கு அப்பாலுள்ளோர் நம் கவியின் கண்ணுக்கும் புலப்படவில்லை.

இனி, பாட்டின் உயிர்நிலை எது எனக் காண்போம். நம் மேடைகளில் இப்பாடலைப் பாடுவோர் பெண்களின் கண்ணீரையே எடுத்துரைப்பர். ஆனால் பாரதியார் கண்ணீரோடு நிற்கவில்லை. அப்பெண்கள் அழுகையினூடே சொன்ன சொல் யாது எனக் காற்றை நோக்கி வினவுகிறார். அதைத் திரும்பச் சொல்லுமாறு வேண்டுகிறார். அழுகைக்கு இரங்குவது எளிது. சொல்லைக் கேட்க விரும்புவதே பெண்ணை மனிதப் பிறவியாக மதிப்பதாகும். பாட்டு இறுதியில் காளியை விளித்து முடிகிறது. சொல் மட்டும் வந்து சேரவில்லை. அக்குறையே பாட்டின் வலிமை என்பேன்.

வரலாற்றிலோ அச்சொல் ஒருமுறை வந்து சேர்ந்தது. 1913 இல், அதே ரேவாப் பகுதியில், குந்தி என்னும் ஒப்பந்தக் கூலிப்பெண் மேற்பார்வையாளனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஆற்றில் குதித்தாள், உயிர் பிழைத்தாள். அவள் கூற்று கல்கத்தாவின் 'பாரத மித்ரா' இதழில் வெளிவந்து நாட்டையே உலுக்கிற்று. ஒப்பந்தமுறையை ஒழிக்க எழுந்த கிளர்ச்சியில் அச்சொல்லுக்குப் பெரும்பங்கு உண்டு. 1920 ஆம் ஆண்டின் முதல் நாளில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

தமிழ்ப் பெண்ணின் சொல் என்னாயிற்று? கூலி வரிசை வீடுகளில் பல மொழியினர் நெருங்கி வாழ்ந்தனர். போஜ்புரி, அவதி முதலியவற்றின் கலப்பால் பிறந்த பிஜி இந்தி அனைவர்க்கும் பொதுமொழியாயிற்று. 1926 இல் தோன்றிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகள் நிறுவித் தமிழை வளர்க்க முயன்றது. எனினும் இன்று அவ்வழியினருள் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிஜி இந்தியே. அவன், அவள் என்ற பகுப்புடைய மொழியை இழந்து, அப்பகுப்பு இல்லா மொழியைத் தமிழ்ப் பெண் பெற்றாள். அதனால் அவள் சுமை குறைந்ததா? குறையவில்லை. பிஜியின் இருபெரு மொழிகளும் பால் காட்டாதவை. இரு சமூகங்களிலும் அடுப்படி பெண்ணுக்கே உரியதாக நிற்கிறது. ஆகவே, இலக்கணத்தைத் திருத்தினால் வாழ்வு திருந்திவிடும் என்னும் கொள்கை ஐயத்திற்குரியது.

எனினும் மொழியால் ஆவதொன்று உண்டு. அதையும் அப்பெண்ணே காட்டினாள். "இந்தியிலும் இங்கிலீஷிலும் இல்லாத ஒன்று உங்கள் மொழியிலும் எங்கள் மொழியிலும் இருக்கிறதாமே?" என்றாள். என் மகள் சொல்லியிருக்கிறாள் போலும். கேட்பவரை உளப்படுத்தி 'நாம்' என்கிறோம். விலக்கி 'நாங்கள்' என்கிறோம். பிஜி மொழியிலும் 'கெண்டா' என்றால் நாம். 'கெய்மாமி' என்றால் நாங்கள்.

பாரதியார் காற்றிடம் அப்பெண்களைப் பற்றிக் கூறுகையில், கேட்பவரை விலக்கும் தன்மைப் பன்மையையே ஆள்கிறார். காற்று மனிதக் கூட்டத்தைச் சேர்ந்ததன்று. ஆதலின் அது இலக்கணம் பிழையாத ஆட்சி. பிழை நம்முடையது. நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பாட்டை நாம் 'எங்கள் பெண்கள்' என்ற அளவிலேயே படித்து வருகிறோம். 'நம் பெண்கள்' எனப் படிக்க முற்படவில்லை. அவ்வாறு படித்திருப்பின், வேலிக்கு அப்பால் பாய் முடைந்த மூதாட்டியைப் பற்றியும் அன்றே கேட்டிருப்போம்.

2013 ஆம் ஆண்டு அரசியல் சட்டம், பூர்வகுடி மொழியும் பிஜி இந்தியும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் கற்பிக்கப்பட வேண்டும் என விதித்தது. ஆர்தர் கார்டன் காலத்து வேலி சிறார் நாவில் தளர இது வழி செய்யும். அங்குள்ள மகளிர் ஒருவர்க்கொருவர் 'நாம்' என்று சொல்லிக்கொள்வராயின், கவி காற்றிடம் கேட்ட சொல் அதுவாகவும் இருக்கலாம்.

விடைபெறும்போது அப்பெண் பாட்டைத் தன் மொழியில் பெயர்த்துத் தருவதாகச் சொன்னாள். "தன்மைப் பன்மை வரும் இடத்தில் எதைப் போடப்போகிறாய், அம்மா?" என்றேன். "அதைத்தான் யோசிக்கிறேன், அங்கிள்" என்றாள்.

அவளோடு சேர்ந்து தமிழரும் யோசித்தல் தகும்.