வேலியும் மேடையும்

"யாப்பு வெறும் காகிதம், அது நம்மைக் காக்கவில்லை, இனியும் காக்காது" என்று நமது கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. கைதட்டலும் கிடைக்கிறது. இக்கூற்றை மறுத்துச் சில குறிப்புகள்.

ஓர் இனத்தையோ மதத்தையோ சேர்ந்தவர்மீது மற்றவர்களுக்கில்லாத தடைகளைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது அது உதவவில்லை. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் அச்சட்டம் செல்லும் என்றது. உண்மைதான். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்துச் சம்பள உயர்வை இழந்த அரச ஊழியர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம், 1956இன் அரசகரும மொழிச் சட்டம் செல்லாது என்றது. அரச ஊழியர் சம்பளத்திற்காக வழக்காட முடியாதென்று கூறி உயர் நீதிமன்றம் 1967இல் நழுவியது. பிரிவிக் கவுன்சில் 1969இல் அதை நிராகரித்து, யாப்புக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்குத் தீர்ப்பு வரவேயில்லை. 1972 யாப்பில் 29(2) இல்லை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கவும் வழியில்லை.

விரிவுரை மண்டபத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்தவன் நான். இயந்திரத்தின் காப்பு மூடி வேலையின் வேகத்தைக் குறைக்கும்போதுதான் அதைக் கழற்றும் பேச்சு எழும். எதையும் தடுக்காத மூடியை எவரும் கழற்றுவதில்லை.

கழற்றும் துணிவைத் தந்தது மேடை. 24 மணிநேரத்தில் சிங்களம் என்று 1956இல் வாக்களித்த பண்டாரநாயக்கா, செல்வநாயகத்துடன் 1957இல் செய்த ஒப்பந்தத்தை 1958இல் கைவிட நேர்ந்தது. 1959இல் ஒரு பிக்கு அவரைச் சுட்டார். நமது பக்கம்? எழுபதுகளின் மேடைகளில் மாற்றுக் கருத்தாளர் 'துரோகி' எனப்பட்டனர். அச்சொல்லுக்கு வரைவிலக்கணமில்லை, விசாரணையில்லை, மேன்முறையீடில்லை. அம்மேடைகளின் முதன்மைப் பேச்சாளரான அமிர்தலிங்கம் 1989இல் கொழும்பில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்.

அடக்குமுறைக்கு எதிரான கோபத்தையும் இத்தகைய பேச்சையும் ஒன்றாக்குவது தவறு. கோபம் காரணத்தைச் சொல்லும். இப்பேச்சு காரணம் கேட்பவனையே எதிரியாக்கும்.

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு முறையிட எந்த 29(2) இருந்தது? கொழும்பின் அதிகாரத்திற்கு எல்லை கேட்கும் நாம், நமது பெயரால் ஆள வருவோருக்கும் அதே எல்லையை எழுதிவைக்கச் சம்மதிக்கிறோமா? 'ஆம்' என்று மேடையில் சொல்லத் தயங்குபவர்கள், யாப்பைக் காகிதம் என்று இகழ்வதை நிறுத்தட்டும். அவர்கள் அஞ்சுவது அந்தக் காகிதத்திற்குத்தான்.