அவளுக்குத் தெரிந்தவர் யார்?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பங்களுக்குத் தொழில் தொடர்பு தலைமுறைச் சொத்து. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் கணினித் திரைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் எந்தத் தோட்டத்துக் காய் எப்படி இருக்கும், யாரை நம்பிச் சரக்கு அனுப்பலாம் என்பதெல்லாம் இன்றும் பழகியவர் வாய்ச்சொல்லில்தான் முடிவாகிறது. அதே ஊரில், விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் வீட்டிலிருந்து ஒரு பெண் பொறியியல் முடிக்கிறாள். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு நிறுவனத்துக்குள் அவள் பெயரை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. லிங்க்ட்இன் என்ற தொழில்தொடர்புத் தளத்தில் உறவைப் பேணும் பழக்கத்தை அவள் நிற்கும் இடத்திலிருந்து எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

அதன் பெரிய பலம் அங்கேதான் தெரிகிறது. நெருங்கிய உறவைவிட அரைகுறையாகத் தெரிந்தவரே வேலைச் செய்தியை அதிகம் கொண்டுவருகிறார் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பதே காரணம். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களின் 5 ஆண்டுத் தரவை வைத்து இதைச் சோதித்தது. ஓரளவு மட்டும் பழக்கமுள்ள தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவின. இன்னொரு முடிவு போடிப் பகுதிக்கு நேராகப் பொருந்துகிறது: கணினி சார்ந்த தொழில்களில் இந்த மெல்லிய தொடர்புக்கு வலு அதிகம், அவ்வளவாகக் கணினி நுழையாத தொழில்களில் நெருங்கிய உறவே கைகொடுக்கிறது. ஏலக்காய் மண்டிக்காரருக்கு லிங்க்ட்இன் இல்லாமல் ஒன்றும் குறையாது. அந்தப் பெண்ணுக்குக் குறையும்.

ஆனால் தளம் எல்லாரையும் ஒரே வாசலில் நிறுத்துவதில்லை. வசதியான பகுதியில் வளர்ந்து, பெயர்பெற்ற கல்லூரியில் படித்து, பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவருக்கு வாய்ப்பு 12 மடங்குவரை கூடும் என்று, அமெரிக்க நிலவரத்தை வைத்து, 2019இல் லிங்க்ட்இன் நிறுவனமே சொன்னது. பெரும்பாலும் பொதுவான நண்பர்களைப் பார்த்தே தளம் புதியவரைப் பரிந்துரைப்பதால், போடி மாணவிக்கு முதலில் வந்து நிற்பவர்கள் அவள் வகுப்புத் தோழிகளே. அவர்களும் வேலை தேடுகிறார்கள். வெளிவட்டத்துக்கு அவளாகத்தான் கை நீட்ட வேண்டும். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், முன்பின் அறியாத ஒரு மேலாளரிடம். தமிழ்வழியில் படித்து வந்தவளுக்கு அந்த முதல் நான்கு வரி எத்தனை பெரிய மலை என்பதைப் பேட்டியெடுக்கும் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

பழக்கத்தின் மெலிந்த பகுதி, பேணுதல் என்ற பெயரில் நடப்பது. பிறந்தநாள், பதவி உயர்வு, ஒரே நிறுவனத்தில் இத்தனை ஆண்டு என்று தளம் நினைவூட்டும். வாழ்த்தையும் அதுவே எழுதிக் கொடுக்கும். நாம் தொட்டால் போதும். மதுரை, தேனிப் பக்கம் விசேஷ வீடுகளில் எழுதும் மொய் நோட்டை இதனுடன் வைத்துப் பார்க்கலாம். மொய்யில் கடன்சுமை உண்டு, கௌரவப் போட்டி உண்டு, அதனால் நொடித்த குடும்பங்களும் உண்டு. ஆனால் எழுதிய பெயருக்கு ஒருநாள் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்முறை விட்டுப்போனால் உறவே கேள்விக்குள்ளாகும். லிங்க்ட்இன் வாழ்த்தில் அந்தப் பொறுப்பு துளியும் கிடையாது. அனுப்பியவருக்குச் செலவில்லை என்பதால் பெறுபவரும் மதிப்பதில்லை. பிறகு வேலை போன மாதத்தில் அதே ஆள் ‘ஒரு ரெஃபரல் கிடைக்குமா’ என்று எழுதும்போது, முன்னே அனுப்பிய பத்து வாழ்த்துகளும் அவருக்காகப் பேசுவதில்லை.

அப்படியானால் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா? தேவையில்லை. டேனியல் லெவினும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கணக்கில் பேச்சற்றுப்போன பழைய தொடர்புகளை மறுபடி நாடச் சொன்னார்கள். அவர்களிடம் கிடைத்த யோசனைகள், நடப்பிலிருக்கும் தொடர்புகள் தந்தவற்றுக்குக் குறையாத பயனும் கூடுதல் புதுமையும் உடையவையாக இருந்தன. ஒருகாலத்தில் உண்மையாகப் பழகியவர்கள் என்பதே அங்கே முதல். ஆகவே இடைவெளியைக் கண்டு கூச வேண்டியதில்லை. ‘நீங்கள் அன்று சொன்ன பாடத்தை முடித்தேன், இந்தத் திட்டத்தில் பயன்பட்டது’ என்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் இரண்டு வரி, பன்னிரண்டு மாதமும் வரும் வாழ்த்தைவிடக் கனமானது. எழுதியவள் வேலை செய்திருக்கிறாள் என்பது அதில் இருக்கிறது.

தொடர்பைப் பெருக்கும் ஆசை தளத்துக்கும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பயனர்களின் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அந்தப் பயனர்களின் பெயரிலேயே திரும்பத் திரும்ப அழைப்பு மின்னஞ்சல் அனுப்பிய வழக்கில், 2015இல் லிங்க்ட்இன் 1.3 கோடி டாலர் தர இசைந்தது. கைபேசியிலுள்ள எண்களை எல்லாம் கொடுக்கச் சொல்லும் இடத்தில் மறுத்துவிடலாம்.

போடியில் அரசு பொறியியல் கல்லூரி 2012இல் தொடங்கியது. அங்கே முதலில் படித்து வெளியேறியவர்கள் இன்று பலரை வேலைக்கு எடுக்கும் இடத்துக்கு வந்திருக்கக்கூடிய வயதினர். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி லிங்க்ட்இன்னில் தன் கல்லூரிப் பெயரைத் தேடி, அந்த அக்காக்களில் ஒருவருக்குத் தமிழிலேயே எழுதலாம். வேலை கேட்க வேண்டாம். ‘அக்கா, முதல் வருசம் என்ன படிச்சீங்க, எதை விட்டீங்க?’ என்று கேட்டால் போதும். பதில் சொல்லும் கடமை அந்த அக்காவுக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். அவரும் அதே பேருந்தில் ஏறித்தான் ஊரைவிட்டுப் போனார்.