படித்திருக்கிறீர்களா, வாங்கிவிட்டீர்களா?

நான்கு வருடங்களுக்கு முன் என் வலைப்பூவில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். கட்டுரையின் அடியில் அந்தப் புத்தகத்துக்கு ஓர் அஃபிலியேட் லிங்க் வைத்திருந்தேன். அதைக் கிளிக் செய்து போய் யாராவது வாங்கினால் எனக்கு ஒரு சிறு கமிஷன் வரும். மாதக் கடைசியில் கணக்கைத் திறந்து பார்த்தபோது உண்மையிலேயே கமிஷன் வந்திருந்தது. ஆனால் புத்தகத்துக்கு இல்லை. என் லிங்க் வழியாகக் கடைக்குள் போன யாரோ ஒருவர் ஒரு குக்கர் கேஸ்கெட்டும் ஒரு மழைக்கோட்டும் வாங்கியிருந்தார். கவிதைத் தொகுப்பு ஒரு பிரதிகூடப் போகவில்லை. நண்பனிடம் சொன்னேன். "பரவால்லடா, உன் கட்டுரையப் படிச்சுட்டு யாருக்கோ மழை ஞாபகம் வந்திருக்கு" என்றான்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடுத்த கட்டுரை வரைக்கும்தான் இருந்தது. ஒரு நாவலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். "நடுவில் நூறு பக்கம் தேவையே இல்லை" என்று அதில் ஒரு வரி. பதிவேற்றும் முன் கடைசியாக ஒருமுறை படித்தபோது அந்த வரியை எடுத்துவிட்டேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த நாவல் ஒரு பிரதி விற்றால் எனக்கு வருவது ஒரு டீக்கும் வடைக்குமான காசு. அந்தக் காசுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். பிறகு ஏன் அந்த வரி போனது? கீழே லிங்க் இருந்தது. மேலே "தேவையே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கீழே "இங்கே வாங்கலாம்" என்பது ஒட்டவில்லை. ஒட்டாத இரண்டில் நான் லிங்க்கை எடுக்கவில்லை, வரியை எடுத்தேன்.

இந்தக் கட்டுரை அந்த வரியைப் பற்றியது.

*

முதலில் இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பாட்டு விற்ற சிடிநௌ நிறுவனம் 1994இலேயே இப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தது. அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை 1996 ஜூலையில் ஆரம்பித்தது. அப்போது அமேசான் வெறும் புத்தகக் கடை. அதாவது மிக்ஸிக்கும் செருப்புக்கும் வருவதற்கு முன்பே இந்தக் கமிஷன் முறை புத்தகத்துக்கு வந்துவிட்டது. தன் சின்ன இணையப் பக்கத்தில் "இந்தப் புத்தகம் நல்லா இருக்கு" என்று எழுதிய ஆளைத் தேடித்தான் அது முதலில் போனது.

வேலை செய்யும் விதம் எளிது. லிங்க்கின் வாலில் உங்கள் அடையாளம் ஒட்டியிருக்கும். அதைக் கிளிக் செய்து உள்ளே போனவர், அமேசானில் என்றால் 24 மணி நேரத்துக்குள், எதை வாங்கினாலும் பெரும்பாலும் உங்கள் கணக்கில் சேரும். கேஸ்கெட் மர்மம் இதுதான். அமெரிக்காவில் அச்சுப் புத்தகங்களுக்கு அமேசான் தரும் விகிதம் 4.5 சதவீதம். அதையே நம்மூர் 300 ரூபாய்ப் புத்தகத்துக்குப் போட்டுப் பார்த்தால் 13 ரூபாய் 50 காசு. பத்து பேர் வாங்கினால் 135 ரூபாய். ஒரு நாவலைப் படிக்க ஒரு வாரம், எழுத மூன்று இரவுகள் என்று வைத்துக்கொண்டால் இது கூலியே இல்லை. அந்த விகிதமும் நம் கையில் இல்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், அமேசான் அமெரிக்காவில் பல பொருட்களுக்கான கமிஷனைக் குறைத்தது. மளிகைக்கு 5 சதவீதம் என்று இருந்தது 1 ஆனது. நம்பி எழுதிக்கொண்டிருந்தவர்கள் அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

இவ்வளவு கொஞ்சம் காசு ஒருவரின் எழுத்தை மாற்றுமா என்று கேட்கலாம். காசு மாற்றுவதில்லை என்றே நினைக்கிறேன். எந்த வாக்கியத்துக்குக் காசு வருகிறது, எதற்கு வரவில்லை என்ற பிரிவினைதான் மாற்றுகிறது. "வாங்குங்கள்" என்பதில் முடியும் கட்டுரைக்குக் காசு உண்டு. "வாங்காதீர்கள்", "நூலகத்தில் கிடைக்கும்", "இந்த ஒரு கதையை மட்டும் படித்தால் போதும்", "பத்து வருடம் கழித்துப் படியுங்கள்" இவற்றுக்குக் கிடையாது. விமர்சகர் சொல்லக்கூடிய தீர்ப்புகள் எத்தனையோ. அதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் கூலி.

*

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிரையன் லாம் 2011இல் தொடங்கிய வயர்கட்டர் என்ற தளம் ஹெட்போன், மெத்தை, வாக்குவம் கிளீனர் போன்றவற்றை மாதக்கணக்கில் சோதித்து எழுதி, முழுக்க அஃபிலியேட் வருமானத்தை நம்பியே வளர்ந்தது. 2016இல் நியூயார்க் டைம்ஸ் அதை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவர்கள் சொல்லும் நியாயம் இது: மோசமான பொருளைப் பரிந்துரைத்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். திருப்பி அனுப்பிய பொருளுக்குக் கமிஷன் கிடையாது. ஆகவே நேர்மையாக இருப்பதுதான் எங்களுக்கு லாபம்.

ஹெட்போனுக்கு இது சரி. புத்தகத்துக்கு?

பிடிக்காத நாவலை யார் திருப்பி அனுப்புகிறார்கள்? நாற்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி அலமாரியில் வைத்துவிடுகிறோம். பிறகு அது நம் குற்றமாகிவிடுகிறது. "எனக்குத்தான் பொறுமை இல்ல", "மூட் வரட்டும்" என்கிறோம். ஹெட்போன் கேட்காவிட்டால் ஹெட்போன் மேல் கோபம் வரும். புத்தகம் ஓடாவிட்டால் நம் மேலேயே சந்தேகம் வரும். தவறான பரிந்துரைக்கான தண்டனையை வாசகர் தன் தலையில் ஏற்றுக்கொள்கிற ஒரே சரக்கு அனேகமாகப் புத்தகம்தான். ஆக, பொருள் விமர்சனத்தில் பரிந்துரைப்பவரை நேராக வைத்திருக்கும் அந்தக் கயிறு இங்கே இல்லவே இல்லை. விற்றதோடு கணக்கு முடிந்தது. வாசிக்கப்பட்டதா என்பது எந்தக் கணக்கிலும் வராது.

*

இந்த ஏற்பாட்டுக்குள் எழுதப்பட்டதிலேயே மிக நல்ல உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். பல்கேரியாவில் பிறந்து அமெரிக்கா போன மரியா போபோவா, 2006இல் ஏழு பேருக்கு அனுப்பிய வாராந்திர மின்னஞ்சலாகத் தொடங்கியது 'பிரெய்ன் பிக்கிங்ஸ்'. பிறகு தளமாகி, உலகம் முழுக்க வாசகர்களைச் சேர்த்து, 2021இல் 'தி மார்ஜினாலியன்' என்று பெயர் மாறியது. என் தலைமுறையில் ஆங்கிலத்தில் இலக்கியம் தேடிய பலர் ரில்கேயையோ வர்ஜீனியா உல்ஃபையோ முதலில் சந்தித்தது அங்கேதான். நானும்தான்.

2013இல் அதன் மேல் ஒரு சர்ச்சை வந்தது. விளம்பரமே இல்லாத தளம் என்று சொல்லி நன்கொடை கேட்கிறார், ஆனால் புத்தகங்களுக்கு அமேசான் அஃபிலியேட் லிங்க் வைத்திருப்பதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்றார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009இலேயே வலைப்பதிவர்கள் இத்தகைய தொடர்பை வெளியே சொல்ல வேண்டும் என்று தன் வழிகாட்டுதலைத் திருத்தியிருந்தது. விமர்சனத்துக்குப் பிறகு தளத்தில் அறிவிப்பு வந்தது. இன்றும் இருக்கிறது.

சர்ச்சை அறிவிப்போடு முடிந்துபோனது. அந்தக் கட்டுரைகளின் வடிவத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காதல், தனிமை, காலம், மரணம் என்று ஒரு பெரிய கேள்வியில் ஆரம்பிக்கும். ஓர் எழுத்தாளரின் நாட்குறிப்போ கடிதமோ வரும். நீண்ட மேற்கோள்கள், இடையிடையே அவற்றைக் கோக்கும் இதமான பத்திகள். கடைசியில் முழுப் புத்தகத்தையும் படியுங்கள் என்ற பரிந்துரை. குரல் வியப்பின் குரல். சண்டை அரிது. பிடித்ததைப் பற்றி மட்டும் எழுதுவது ஒரு நியாயமான தேர்வுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொடர்ந்து வாசிக்கும்போது ஒன்று நடக்கிறது. ரில்கேயும் உல்ஃபும் தோரோவும் ஒரே குரலில் ஆறுதல் சொல்கிறவர்களாகிவிடுகிறார்கள். நாட்குறிப்பில் உல்ஃப் காட்டும் பொறாமையும் எரிச்சலும், தோரோவின் முசுட்டுத்தனமும் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. முரண்டு பிடிக்கும் எழுத்தாளர்கள் நமக்கு உபயோகமான எழுத்தாளர்களாகிறார்கள்.

போபோவா காசுக்காக இப்படி எழுதினார் என்று சொல்ல மாட்டேன். அவருடைய மனவார்ப்பே அப்படி. ஆனால் புத்தகம் பற்றி எழுதும் எத்தனையோ விதங்களில் அஃபிலியேட் லிங்க்கோடு உரசாமல் பொருந்துவது இந்த விதம்தான். அதனால் அவரைப் பார்த்து எழுத வந்தவர்கள் எடுத்துக்கொண்டதும் இதைத்தான். அவரிடம் இருந்த படிப்பு அவர்களுக்கு வரவில்லை, வியப்பு மட்டும் வந்தது. "உங்கள் வாழ்க்கையை மாற்றப்போகும் ஏழு புத்தகங்கள்" என்ற பட்டியலுக்கு அங்கிருந்து தூரம் அதிகமில்லை.

அவர்கள் எடுத்துக்கொள்ளாத ஒன்று போபோவாவின் பக்கத்தில் இருக்கிறது. புத்தகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே "பொது நூலகம்" என்று இன்னொரு லிங்க் கொடுப்பார். அதைக் கிளிக் செய்தால் அருகில் எந்த நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று தேடலாம். அந்த லிங்க்கில் அவருக்குப் பைசா வராது. தன் வருமானத்துக்குப் பக்கத்திலேயே அதைத் தவிர்க்கும் வழியையும் எழுதி வைப்பது சின்ன விஷயமில்லை. அறிவிப்புப் பலகையைவிட அந்த இரண்டு வார்த்தைகளை நான் அதிகம் நம்புகிறேன்.

*

நம் பக்கம் திரும்பினால் இந்தச் சிக்கல் வேறு ஒரு முகம் காட்டுகிறது. தமிழில் நாம் பரிந்துரைக்க விரும்பும் புத்தகங்களில் எத்தனைக்கு லிங்க் வைக்க முடியும்?

பாரதியும் புதுமைப்பித்தனும் நாட்டுடைமை. மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழைய நூல்களை இலவசமாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. சிறு பதிப்பகங்களின் பல புத்தகங்கள் பெரிய கடைகளில் இருக்காது. பதிப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னால் கூரியரில் வரும், இல்லாவிட்டால் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் தேடிப் பிடிக்க வேண்டும். மறுபதிப்பே காணாத நாவல்கள் பழைய புத்தகக் கடையிலும் நண்பர்களின் வீட்டிலும் இருக்கின்றன. இவை எதிலும் கமிஷன் இல்லை. லிங்க் கிடைப்பதைப் பற்றித்தான் எழுதுவது என்று ஒருவர் முடிவெடுத்தால், மோசமாக எழுதுவதற்கு முன்பே அவர் அலமாரி சுருங்கிவிடும். ஆங்கில சுயமுன்னேற்றப் புத்தகங்களும் அவற்றின் மொழிபெயர்ப்புகளும் ஏன் எல்லோருடைய பட்டியலிலும் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கு ரசனைக் குறைவு மட்டும் காரணம் இல்லை.

இதைச் சொல்லும்போது யாரும் சம்பாதிக்கக் கூடாது என்று நான் உபதேசம் செய்வதாகப் படக்கூடும். இல்லை. சும்மா எழுதுவதில் ஒரு புனிதமும் கிடையாது. சும்மா எழுத வசதி இருப்பவர்கள் மட்டும் எழுதும் இலக்கியம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தமிழ்ப் பக்கங்களுக்கு கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரமே 2018இல்தான் வந்தது. அதற்கு முன் பத்துப் பதினைந்து வருடம் வலைப்பூ எழுதியவர்கள் இணைய மையத்துக்கும் தொலைபேசிக் கட்டணத்துக்கும் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் எழுதினார்கள். இன்று ஓர் இருபது வயதுக்காரர் தன் எழுத்திலிருந்து மாதம் 500 ரூபாய் வந்தால் நல்லது என்று நினைப்பதில் என்ன தப்பு? லிங்க் வைக்கட்டும். வைத்ததைச் சொல்லட்டும். நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

ஆனால் சொல்லிவிட்டதோடு வேலை முடியவில்லை. "இதில் எனக்குக் கமிஷன் உண்டு" என்ற வரி, இருக்கும் தொடர்பை வாசகருக்குச் சொல்கிறது. எழுதாமல் விட்ட வரியைச் சொல்வதில்லை.

க.நா.சு.வின் விமர்சன நூல் ஒன்றுக்குப் பெயர் 'படித்திருக்கிறீர்களா?'. அவரும் பரிந்துரைக்காரர்தான். பட்டியல் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எழுத்தை நம்பிப் பிழைத்தவரும்கூட. அந்தப் பட்டியல்களை ஏன் இன்னும் தேடிப் படிக்கிறோம்? அவற்றில் யாரெல்லாம் இல்லை என்பதால்தான். அன்று லட்சக்கணக்கானோர் படித்த பெயர்களை அவர் விட்டார், அதற்காகத் திட்டு வாங்கினார், விரோதம் சம்பாதித்தார். அவர் "இல்லை" என்று சொல்லக்கூடியவர் என்பதால் அவருடைய "ஆமாம்" என்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது. எல்லாவற்றையும் பரிந்துரைக்கிறவரிடம் நாம் வழி கேட்பதில்லை. அவர் தரகர், தப்பில்லை, ஆனால் விமர்சகர் இல்லை. அந்தத் தலைப்பையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டது "படித்திருக்கிறீர்களா?" என்றுதான். "வாங்கிவிட்டீர்களா?" என்று இல்லை.

இப்போது நான் கட்டுரையை முழுக்க எழுதி முடித்து, ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டுத்தான் லிங்க் இருக்கிறதா என்று தேடுகிறேன். இருந்தால் வைக்கிறேன். பக்கத்தில் நூலகத்தில் கிடைக்குமா, இணையத்தில் இலவசமாக இருக்கிறதா என்றும் எழுதுகிறேன். வருமானம் குறைந்திருக்கிறது. முன்பும் அது பெரிதாக இல்லை என்பதால் வலிக்கவில்லை.

அந்த நாவல் கட்டுரையில் எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். "நடுவில் நூறு பக்கம் தேவையே இல்லை." கீழே லிங்க்கும் அப்படியே இருக்கிறது. வரியைச் சேர்த்த பிறகு அதன் வழியாக ஒரு பிரதி போயிருக்கிறது. வாங்கியவர் யார் என்று கணக்கில் காட்ட மாட்டார்கள். அவர் அந்த நூறு பக்கத்தைத் தாண்டினாரா, இல்லை "இது தேவைதான்யா" என்று என்னோடு சண்டை போடும் மனநிலையில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.