மெட்டைப் பார்க்காத விரல்

வீணையில் 24 மெட்டுகள், மெழுகுக் கலவையில் பதிந்தவை. குடத்தை நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி குறுகும். திருப்பதியில் தேவஸ்தானத்தின் இசைக் கல்லூரியிலும் சரி, சித்தூரில் வீட்டோடு சொல்லித்தரும் ஆசிரியரிடமும் சரி, புதிதாகச் சேர்ந்த மாணவர் தலையைக் குனிந்து மெட்டையே பார்ப்பார். பாடம் தொடங்குவது மாயாமாளவகௌளையில். ‘ச’ திறந்த தந்தி, ‘ரி’ முதல் மெட்டு, ‘க’வுக்கு இரண்டு மெட்டு தாண்டி நான்காவது, ‘ம’ அதை ஒட்டிய ஐந்தாவது. சரளி வரிசை மூன்றாம் காலத்துக்குப் போனதும் கண் பின்தங்கிவிடும். அப்போது, தந்தியை விட்டு எடுக்காமல் நகர்த்திய விரலுக்குத்தான் தூரம் தெரிந்திருக்கும்.

கமகத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை. ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிடிக்கவேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதைக் காது மட்டுமே சொல்லும். வீணை வாசிப்பின் அழகு முழுதும் அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

வயலினில் மெட்டே கிடையாது. சிறு வயதிலேயே பார்வையை இழந்த எம். சந்திரசேகரன் அதில் பெரும் வித்வானாக விளங்கினார். 2005இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது.