'மெராகம்': சொல் வந்த வழியும் பொருள் பிறந்த இடமும்

பசியாலோ உறக்கமின்மையாலோ காய்ச்சலாலோ எரிச்சலுற்று, எதற்கும் இணங்காமல் அடம்பிடிக்கும் குழந்தையின் நிலையை மலாய்மொழி 'மெராகம்' என்னும் வினையால் சுட்டும். மலாய்மொழிச் சூழலில் வாழும் ஜொகூர்த் தமிழர்க்கு இச்சொல் புதிதன்று. 'ராகம்' என்னும் அடிச்சொல்லோடு 'மெ' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து அமைந்தது இது. எனவே, குழந்தை ராகம் இழுத்து அழுவதாக நாம் கூறும் தமிழ் வழக்கே மலாயில் இவ்வாறு ஆயிற்று என்று கருதத் தோன்றும். இக்கருத்தில் ஒரு பகுதியே ஏற்புடையது.

முதலில் வடிவத்தைக் காண்போம். 'ராக' என்பது வடசொல். அதற்கு 'அம்' ஈறு தந்தது தமிழ். மலாயிலுள்ள 'நாமா', 'ராசா' ஆகிய வடசொற்களில் மகர ஈறு இல்லை. தமிழ் வழியே சென்ற 'மாணிக்கம்', 'உலோகம்' ஆகியன 'மனிக்கம்', 'லோகம்' என அவ்வீற்றோடே வழங்குகின்றன. ஆகவே 'ராகம்' தமிழ்வழிச் சென்றது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

பொருளோ வேறு கதை கூறுகிறது. மலாயில் 'ராகம்' இசையை மட்டும் குறிப்பதன்று. வகை, நடத்தை என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. பல்லிசைக் குழுவைக் குறிக்கும் 'பஞ்சராகம்' இசைப்பொருளைக் காக்கிறது. பள்ளிச் சீருடையைக் குறிக்கும் 'செராகம்' ஒரே வகை என்னும் பொருளில் நிற்கிறது. பழுதுற்ற இயந்திரமும் கணினியும்கூட 'மெராகம்' செய்வதாக மலாயர் கூறுவர். கணினி ராகம் இழுப்பதில்லை, இணங்க மறுக்கிறது. குழந்தையிடமிருந்து உருவகமாக விரிந்த வழக்கே இது எனினும், அவ்விரிவுக்கு அடிப்படை அழுகையோசையன்று, மாறும் இயல்பே. நம் 'ராகம் இழுத்தல்' நீளும் ஓசையைச் சுட்டுவது. 'மெராகம்' நிலைகொள்ளாத மனப்போக்கைச் சுட்டுவது. இரண்டையும் ஒன்றாக்குதல் ஒலியொப்புமையால் நேரும் மயக்கமே.

இவ்வேறுபாடு வகுப்பறைக்கும் வேண்டுவது. 'தம்பி மெராகம் செய்தான்' என ஒரு மாணவன் கட்டுரையில் எழுதினால், பிறமொழிச் சொல் எனச் சிவப்பு மையால் அடித்துவிடுவதும், தமிழே எனப் பெருமைகொண்டு விட்டுவிடுவதும் கற்பித்தல் ஆகா. சிணுங்கல், அடம், முரண்டு ஆகியவற்றுள் அவன் கருதியது எது என வினவுதல் வேண்டும். அழுகை மிகுந்ததா, பிடிவாதம் மிகுந்ததா, இணங்காமை மிகுந்ததா என அவன் எண்ணிப் பார்க்கும்போது மூன்று தமிழ்ச் சொற்களின் நுட்பமும் அவனுக்குப் புலப்படும். சொல்லைக் கொடுத்த பெருமை தமிழுக்கு உரியது. அச்சொல்லில் குழந்தையின் மனத்தைக் கண்ட பெருமை மலாய்க்கு உரியது. இரண்டையும் ஒப்புதலே சொல்லாய்வின் நேர்மை என்பது நம் துணிபு.