கடையில் வாங்கிய பழமை

அமெரிக்கக் குவில்ட் (துணியை அடுக்கித் தைக்கும் போர்வை) உலகில் வீட்டு மேசைமேல் அடங்கும் அளவுக்குச் சுருங்கிய கலப்பு ஊடகப் படைப்புகள் பெருகிவிட்டன. பத்துப் படைப்புகளை வரிசையாகப் பார்த்தால் போதும், எல்லாவற்றுக்கும் ஒரே வயது என்பது புரிந்துவிடும். தேநீர்க் கறை ஏறிய பருத்தி, ஓரம் பிசிறடித்த லேஸ், ஆணி வடிவில் பதிந்த துரு, மூன்று முத்துப் பொத்தான்கள், கழுத்துவரை பொத்தானிட்ட உடையில் யாரோ ஒரு பெண்ணின் பழுப்புப் புகைப்படம், அதன் மேல் கொஞ்சம் மங்கலான கையெழுத்து. பார்வைக்கு எல்லாம் 1900ஐ ஒட்டியவை. செய்யப்பட்டது போன வாரம்.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். துணி நினைவைச் சுமக்கிறது, பெயரற்ற பெண்களின் வாழ்வை மீட்கிறது, பாட்டிமாரின் மரபைத் தொடர்கிறது. கண்காட்சிக் குறிப்புகளில் இதைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. மறுத்துச் சொல்லவும் யாராவது வேண்டுமல்லவா?

சிறிய வடிவத்தின்மேல் எனக்குப் பகையில்லை. கட்டில் அளவுக் குவில்ட் மாதக்கணக்கில் ஆளை விழுங்கும். அதில் ஒரு சோதனை தோற்றால் இழப்பு பெரிது. 2002இல் ஹூஸ்டன் குவில்ட் விழாவையொட்டித் தொடங்கிய நாட்குறிப்புக் குவில்ட் திட்டம், கடிதத்தாள் அளவில் செய்து பார்க்கச் சொல்லிப் பலரைத் துணிய வைத்தது. 1989இல் தோன்றிய ஸ்டுடியோ ஆர்ட் குவில்ட் அசோசியேட்ஸ் அமைப்பு 12 அங்குலச் சதுரங்களை ஏலம் விட்டு நிதி திரட்டுகிறது. அந்தச் சதுரத்துக்குள் கெட்டிக்கார வேலைகளைப் பார்த்திருக்கிறேன். துணியோடு காகிதம், கம்பி, சாயம் எது சேர்ந்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. கேள்வி வேறு: அந்தக் கறை எங்கிருந்து வந்தது?

அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிய ஊர் ஜீஸ் பெண்ட். அங்கே 1942இல், கணவர் இறந்தபின், மிசூரி பெட்வே அவருடைய வேலைத்துணிகளைப் பிரித்து ஒரு குவில்ட் தைத்தார். இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த ஊரின் வேலைத்துணிக் குவில்ட்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கால்சட்டையில் பை இருந்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும், சுற்றிலும் வெயில் வெளுத்திருக்கும். முட்டி தேய்ந்த இடத்தில் ஒட்டு இருக்கும். அந்த நிறபேதத்தை யாரும் தீட்டவில்லை. ஒரு மனிதர் பருத்திக் காட்டில் குனிந்து நிமிர்ந்த ஆண்டுகள் அதைச் செய்தன. தைத்தவருக்கு மிச்சமிருந்த வேலை, எந்தத் துண்டை எதன் பக்கத்தில் வைப்பது என்பதுதான். அந்த ஒரு முடிவில்தான் அவர் கலைஞர்.

பழந்துணிக்குப் பயன் சார்ந்த காரணமும் உண்டு. நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய நூல்புடவையில் கிடத்துவது சென்டிமென்டுக்காக இல்லை. நூறு முறை துவைத்த துணிபோல் மெத்தென்று வேறெதுவும் இருக்காது. வங்காளத்துக் காந்தாவும் அந்த மென்மையிலிருந்துதான் பிறந்தது. புடவையின் வயது அங்கே தொட்டால் தெரியும்.

சட்டத்துக்குள் போய்விட்ட 12 அங்குலச் சதுரத்தை யாரும் தொடப்போவதில்லை. ஆகவே வயதைக் கண்ணுக்குக் காட்டியாக வேண்டும். செய்முறை எளிது. புதுப் பருத்தியை வினிகரில் நனைத்து, பழைய இரும்புத் துண்டுகளைச் சுற்றிக் கட்டி இரவு முழுக்க வைத்தால் காலையில் துரு பதிந்திருக்கும். கெட்டித் தேநீர் டிக்காஷனில் முக்கியெடுத்தால் பழுப்பு ஏறும். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் பசைவலை துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும், அதன் மேல் நாலு ஓட்டுத்தையல். படம் வேண்டுமா? பழம்பொருள் கடைகளில் அறியாதவர்களின் குடும்பப் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. துணியில் அச்சடிக்க இன்க்ஜெட் பிரிண்டருக்கென்றே தாள்போல் வெட்டிய துணியும் விற்கிறார்கள். முன்னோர்கூடப் பையில் போட்டு வாங்கிவரும் சரக்காகிவிட்டார்கள்.

வேதியியல் இதில் ஒரு கேலியைச் சேர்த்திருக்கிறது. இரும்பு, பருத்தியின் செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குவில்ட்களில் மற்ற நிறங்கள் திடமாக இருக்க, சில பழுப்பு, கறுப்புத் துண்டுகள் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்திருப்பதைக் காணலாம். இரும்பும் டானினும் சேர்த்து ஊட்டிய சாயம் உள்ளிருந்தே அவற்றைத் தின்றது. அதே இரும்பையும் டானினையும்தான் இன்று பழமைத் தோற்றத்துக்காகப் புதுத்துணியில் ஏற்றுகிறார்கள்.

இந்தப் பாவனை புதிதுமில்லை. 1876 பிலடெல்பியா கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் 'கிரேஸி குவில்ட்' மோகம் பரவியது. ஒழுங்கற்ற பட்டு, வெல்வெட் துண்டுகள், அவற்றின் மேல் எம்பிராய்டரி, ரிப்பன், கைவரைந்த பூக்கள்: இன்றைய கலப்பு ஊடகத்தின் நேர் மூதாதை அது. வரவேற்பறையில் விரித்துக் காட்டவே பல செய்யப்பட்டன. பட்டுத் துண்டு மிஞ்சுகிற அளவுக்கு எல்லா வீட்டிலும் பட்டு ஏது? ஆகவே துண்டுகளைப் பொட்டலமாக்கித் தபாலில் விற்றார்கள். சிக்கனத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். எடைக்காக உலோக உப்பேற்றிய அந்தப் பட்டுகள் இன்று கீறல் கீறலாகக் கிழிந்து கிடக்கின்றன. அப்போதாவது அது பகட்டு என்று எல்லோருக்கும் தெரியும். மரபை மீட்பதாக யாரும் குறிப்பு எழுதி ஒட்டவில்லை.

நாவலாசிரியன் இல்லாத பாட்டியை உருவாக்கலாம், துணிக்கலைஞர் மட்டும் கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக உருவாக்கட்டும். ஆனால் நாவலில் பாட்டிக்கு ஒரு பேச்சு வேண்டும், ஒரு பிடிவாதம் வேண்டும், யாரோடாவது ஒரு தீராத வழக்கு வேண்டும். இங்கே இருப்பது கறை மட்டும். பார்ப்பவர் தன் பாட்டியை நினைத்துத் தானே உருகிக்கொள்கிறார், பாராட்டோ படைப்பைச் செய்தவருக்குப் போகிறது. அந்தப் புகைப்படத்துப் பெண்ணை எடுத்துவிட்டு அதே வயதுள்ள இன்னொருத்தியை வைத்தாலும் படைப்பு இம்மியும் மாறாது. பெயரற்றவளை மீட்பதாகச் சொல்லி, அவள் முகத்தையும் பொத்தானுக்குச் சமமாக்கிவிட்டார்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். மென்மையாகச் சொல்ல ஆட்கள் ஏராளம்.

இந்த மரபுக்கு ஆதாரமாகக் கலைஞர்கள் மிரியம் ஷபிரோவையும் மெலிஸா மேயரையும் காட்டுவார்கள். 'ஹெரஸிஸ்' என்ற பெண்ணிய இதழில் 1970களின் இறுதியில் அவர்கள் எழுதிய கட்டுரை, பெண்கள் வெட்டி ஒட்டித் தைத்துச் செய்தவற்றுக்கு 'ஃபெமாஜ்' என்று பெயரிட்டு, அவற்றை அடையாளம் காணப் பதினான்கு இயல்புகளைப் பட்டியலிட்டது. சேர்த்துவைத்தல் அதில் முன்வரிசையில் நிற்கிறது. துண்டுத்துணி முதலில் ஒரு வீட்டில் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். ஷபிரோ தன் படைப்புகளில் பயன்படுத்திய பூத்தையல் கைக்குட்டைகளில் பல, அவர் உரையாற்றப் போன இடங்களில் பெண்கள் கொடுத்தவை. கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பொட்டலத்தில் வரும் லேசுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

இப்போது எந்த வீட்டிலும் மிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பாலியெஸ்டர் டீஷர்ட், கூரியர் பை, மாத்திரை அட்டையின் அலுமினியத்தாள், மருத்துவமனையில் மணிக்கட்டில் கட்டிய பட்டை. கலப்பு ஊடகம் என்ற பெயருக்கு இவையல்லவா முதல் ஊடகம்! ஆனால் இவற்றுக்கு அந்தச் சதுரத்தில் இடமில்லை. நைவும் பழுப்பும் இல்லாததை நினைவாகக் கருத இந்தக் கலைஞர்களுக்கு மனம் வரவில்லை.

ஜீஸ் பெண்ட் பெண்களுக்கு அந்தத் தயக்கமே இருந்ததில்லை. 1970களில் பக்கத்து ஊர்க் கூட்டுறவு, சியர்ஸ் நிறுவனத்துக்காகத் தலையணை உறை தைத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் வீடுகளுக்கு வந்தது. புத்தம் புதிய ஆலைத்துணி, கறையில்லை, கதையில்லை. அதை வைத்து அவர்கள் தைத்த குவில்ட்கள், வேலைத்துணியில் தைத்தவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. அந்த அவகாடோப் பச்சையையும் பொன்மஞ்சளையும் பார்த்ததும் எந்தப் பத்தாண்டு என்று சொல்லிவிடலாம். இன்றைய துருச் சதுரங்களை ஐம்பது ஆண்டு கழித்து யாராவது எடுத்துப் பார்த்தால், அதுவரை இரும்பு துணியை விட்டுவைத்திருந்தால், இவை எப்போது செய்யப்பட்டவை என்று எதைக் கொண்டு சொல்வார்?